வாய்க்குள் வளரும் பகை

(அறவாரியத்தின் ஆண்டு விழாவையொட்டிக் கோப்பெங்கில் நடந்த உடல்நலக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற பல் தாதி ஒருவர் ஆற்றிய உரை)

 

உடல்நலத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இதயத்தைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் பேசுவதற்கு நம்மிடையே படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்லள். 1976-ஆம் ஆண்டு பினாங்கில் பல் தாதியாகப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்குமேல் கிந்தா வட்டாரத்துப் பள்ளிகளிலும் தோட்டங்களிலும் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவள். ஆகவே எனக்குத் தெரிந்த வாயைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். காய்ச்சல் வந்து போன பிறகு வாய்க்குள் வளரும் ஒரு பகையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

முதலில் நம் ஊர்க்கதை ஒன்று. கோப்பெங்கிலிருந்து பத்துகாஜா போகும் சாலையில் கெல்லி மாளிகையைப் பார்க்காதவர்கள் இங்கு யாரும் இருக்க மாட்டார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி அதைக் கட்டத் தொடங்கினார். கட்டுமான வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1918-இல் உலகத்தையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் அந்த வேலையாட்களையும் பிடித்தது. பலர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் துரையிடம் சென்று, எங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவரும் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் மேலே தெய்வ உருவங்களுக்கிடையில் தொப்பி போட்ட துரையின் உருவத்தையும் வைத்தார்கள். கேட்டதைக் கொடுத்தவரை நம் மக்கள் மறப்பதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. துரை 1926-இல் லிஸ்பனில் இறந்து போனார். மாளிகை முடியாமலே நின்றது. கோயில் மட்டும் நிலைத்தது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? 1918-இல் இறந்தவர்களைப் பற்றிப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். அவர்களில் மிகப் பலரைக் கொன்றது அந்தக் காய்ச்சல் மட்டும் அன்று. காய்ச்சல் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனது; அந்த வழியாக நுழைந்த வேறு கிருமிகள் நுரையீரலைத் தாக்கின. திருடன் ஒருவன் பூட்டை உடைத்துவிட்டுப் போனால், பின்னால் வருகிறவனுக்கு வேலை எளிது அல்லவா? நூறு ஆண்டுகள் கழித்துக் கோவிட்-19 வந்தபோதும் அதே கதைதான். இம்முறை பின்னால் வந்தவர்களில் ஒருவன் பூஞ்சை. நம் மக்கள் பூஞ்சணம், பூஞ்சாளம் என்று சொல்வார்களே, பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்தக் குடும்பம்.

அன்பர்களே, இனி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நாட்டில் நாளொன்றுக்கு இருபதாயிரம் பேருக்குமேல் நோய் கண்ட காலம். எழுபத்து நான்கு வயதான என் மூத்த அக்காவுக்கும் நோய் வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஒன்பது நாள் மருத்துவமனையில் பிராணவாயு வைத்து, ஸ்டீராய்டு மருந்து கொடுத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார், ஆபத்து நீங்கிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் சொன்னார்: "என்ன பாப்பா, சோறு வாயில வச்சா மண்ணை மெல்லுற மாதிரி இருக்கு. நாக்கெல்லாம் எரியுது. வெள்ளை வெள்ளையா இருக்குன்னு பேத்தி சொல்றா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆஸ்பத்திரி மருந்து சூடுக்கா. மோர் குடிங்க. மணத்தக்காளிக் கீரை கடைஞ்சு சாப்பிடுங்க. போயிரும்." முப்பது ஆண்டுகள் வாயையே பார்த்தவள், சொந்த அக்காவின் வாயைப் பார்க்காமலே மருத்துவம் சொன்னேன்.

பத்து நாள் போயிற்று. காரம் எரிகிறது என்று அக்கா சோற்றைவிட்டுச் சீனி போட்ட கஞ்சிக்கும் கெட்டிப்பால் கலந்த மைலோவுக்கும் மாறினார். சாப்பாடு இறங்கவில்லை என்பதால் இனிப்புநீர் மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிட்டார். கடைசியில் நான் நேரில் போனேன். பல்செட்டைக் கழற்றுங்கள் என்றேன். மருமகள் முன்னால் கழற்ற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அறைக்கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றினார். மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் இரவும் பகலும் அதைக் கழற்றவே இல்லையாம். பல்செட்டு இருந்த இடமெல்லாம் மேலண்ணம் செக்கச் சிவந்து கிடந்தது. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் உறைந்த தயிரைத் தடவி வைத்ததுபோல் வெள்ளைப் படலம். துணியால் துடைத்தால் படலம் வந்தது. அடியில் சிவந்த புண் தெரிந்தது. அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். இரத்தத்தில் சீனியின் அளவு 22. சாப்பிடாத நேரத்தில் அது 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

அக்காவுக்கு வந்தது கேண்டிடா என்னும் பூஞ்சையால் உண்டாகும் வெண்படலம். அந்தப் பூஞ்சை வெளியிலிருந்து புதிதாக வந்ததன்று. உடல்நலத்தோடு இருக்கும் மனிதர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாயில் அது எப்போதும் குடியிருக்கிறது. வாயில் உள்ள நல்ல கிருமிகளும், ஊறுகின்ற உமிழ்நீரும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. காய்ச்சலில் கிடக்கும்போது இம்மூன்றும் ஒருசேரத் தளர்கின்றன. பிராணவாயுக் குழாயும், வாயால் மூச்சு விடுவதும் வாயை வறட்சியாக்குகின்றன. நோய்க்கிருமிக் கொல்லி மாத்திரைகள் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்கின்றன. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து இரத்தத்தில் சீனியை ஏற்றுகிறது. சீனி ஏறினால் உமிழ்நீரிலும் ஏறும். பூஞ்சைக்கு அது விருந்து. கழற்றாத பல்செட்டின் அடியில் உமிழ்நீர் புகாது. பூஞ்சைக்கு அது வீடு. நான் சொன்ன மோரும் கீரையும் நல்ல உணவுதான். ஆனால் அவை இந்தப் பூஞ்சையைக் கொல்லா.

கிளினிக்கில் கொடுத்தது நிஸ்டாட்டின் என்ற மஞ்சள் நிறச் சொட்டு மருந்து. நாளைக்கு நான்கு முறை, சாப்பிட்ட பிறகு வாயில் விட்டு, எல்லாப் பக்கமும் படும்படி சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். படலம் மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும். இரண்டு வாரத்தில் அக்கா மிளகு இரசம் கேட்டார்.

இந்த மருந்தின் வரலாற்றை, கொடுக்கும் கைகளை உடைய உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. 1940-களில் பெனிசிலின் முதலிய மருந்துகள் புழக்கத்துக்கு வந்தபோது, நோய்க்கிருமிகள் செத்தன. ஆனால் பூஞ்சை நோய்கள் பெருகின. அவற்றைத் தீர்க்க மனிதனுக்குப் பாதுகாப்பான மருந்து இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை செய்த இரண்டு பெண்கள் அதைத் தேடினார்கள். ஒருவர் எலிசபெத் லீ ஹேசன், மற்றவர் ரேச்சல் புல்லர் பிரவுன். ஹேசன் நியூயார்க் நகரில் மண் மாதிரிகளைச் சோதிப்பார். பிரவுன் ஆல்பனி நகரில் அவற்றிலிருந்து மருந்துச் சத்தைப் பிரிப்பார். கண்ணாடிச் சாடிகளில் அடைத்துத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். வர்ஜீனியாவில் தெரிந்தவர் ஒருவரின் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்று அந்த மருந்தைத் தந்தது. 1950-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். தங்கள் மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள்.

அந்த மருந்தின் உரிமைத் தொகையாக வந்தது ஒரு கோடியே முப்பது இலட்சம் டாலருக்குமேல். அதில் ஒரு காசைக்கூட அவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உதவும் நிதியாக்கிவிட்டார்கள். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தவர் ஹேசன். அவர் 1975-லும் பிரவுன் 1980-லும் மறைந்தார்கள். முகம் தெரியாத அவ்விருவரின் கொடை கோப்பெங்கில் என் அக்காவின் நாக்குக்கு வந்து சேர்ந்தது. ஓர் அறக்கட்டளை என்ன செய்யும் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

அன்பர்களே, என் தவறு இத்தோடு போயிற்று என்று நான் ஆறுதல் கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அதே ஆண்டில், நம் பெரியவர்கள் பிறந்த தமிழ்நாட்டிலும் இந்தியா முழுவதிலும் வேறொரு பூஞ்சை ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. அதைக் கரும்பூஞ்சை என்று பத்திரிகைகள் எழுதின. அதன் மருத்துவப் பெயர் மியூகோர்மைகோசிஸ். மண்ணிலும், மட்கிய இலையிலும், பழைய ரொட்டியிலும் வாழும் பூஞ்சை அது. அதன் நுண்துகள்களை நாம் எல்லாரும் அன்றாடம் மூச்சில் இழுக்கிறோம். நல்ல உடம்பை அது ஒன்றும் செய்யாது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆனால் இரத்தத்தில் சீனி கட்டுமீறிப் போனவர்களிடம், அதுவும் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம், மூக்கு வழியாக நுழைந்து, கன்னத்து எலும்பறைகளில் தங்கி, இரத்தக் குழாய்களைத் துளைத்து அடைத்துவிடும். இரத்தம் ஓடாத சதை செத்துக் கறுக்கும். கறுப்பு அந்தப் பூஞ்சையின் நிறமன்று; செத்த சதையின் நிறம். அங்கிருந்து அது மேலண்ணத்துக்கு இறங்கும், கண்ணுக்கு ஏறும், மூளைக்கும் போகும்.

2021 மே மாதம் இந்திய நடுவண் அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடும் தன் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அவ்வாறே அறிவித்தது. அவ்வாண்டு ஜூலைக்குள் அந்நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர்களிலும் எத்தனையோ பேர் கண்ணையும், மேல்தாடையையும், அண்ணத்தையும் இழந்தார்கள். ஆம்போடெரிசின் என்னும் மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தார்கள். மருந்து மட்டும் போதாது. செத்த சதையை அறுத்து எடுத்தால்தான் உயிர் தங்கும்.

யாருக்கு வந்தது? பல நாடுகளிலிருந்து பதிவான 101 நோயாளிகளின் விவரங்களை இந்திய மருத்துவர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 82 பேர் இந்தியாவில் உள்ளவர்கள். நூற்றுக்கு எண்பது பேருக்கு நீரிழிவு இருந்தது. நூற்றுக்கு எழுபத்தாறு பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூனில் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஆய்வு, பிராணவாயு தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் உயிரை அது காக்கிறது என்று காட்டியது. என் அக்காவையும் அதுதான் காத்தது. அதே ஆய்வு, பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்றும் காட்டியது. வீட்டிலிருந்தபடியே, சீனியைப் பார்க்காமல், கேட்டு வாங்கி விழுங்கியவர்களுக்கு அது வினையாயிற்று.

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். 2019-இல் நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பத்தொருவர். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களை மூன்று மூன்று பேராக எண்ணிக்கொண்டு வாருங்கள், மூவரில் ஒருவர். என் அக்காவின் வாயில் இருந்தது வெள்ளைப் படலமாக இல்லாமல் கறுப்புப் புள்ளியாக இருந்திருந்தால், "மோர் குடிங்க" என்று நான் கடத்திய பத்து நாள் அவரது கண்ணை, ஏன், உயிரையே கொண்டு போயிருக்கும். அந்த எண்ணம் இன்றைக்கும் என்னை இரவில் எழுப்புகிறது.

ஆகவே நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோவிட், டெங்கி, சளிக்காய்ச்சல் எதுவானாலும், வீட்டுக்கு வந்த பெரியவரின் வாயை வாரம் இரு முறையாவது வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லுங்கள். மேலண்ணத்தைப் பாருங்கள். கடைவாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பல்செட்டு இருந்தால் இரவில் கழற்ற வேண்டும். சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்து, சுத்தமான தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். மருமக்களே, மாமியார் கழற்ற வெட்கப்பட்டால் அறையைவிட்டுச் சற்று வெளியே வந்துவிடுங்கள்; மூடி போட்ட கிண்ணம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதன் விலை சில வெள்ளிதான்.

ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சுகிறவர்கள், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

நோயில் கிடக்கும்போது நீரிழிவு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் தாமாகத் தொடங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. சாப்பாடு இறங்கவில்லையென்றால் கிளினிக்கில் கேளுங்கள். சீனிக் கஞ்சியும் மைலோவும் பத்திய உணவல்ல.

துடைத்தால் வரும் வெள்ளைப் படலம், எரிச்சல், ருசியின்மை ஆகியவற்றுக்கு ஓரிரு நாளில் கிளினிக்குக்குப் போங்கள். இரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து, கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். சில பூஞ்சை மருந்துகள் அவற்றோடு ஒத்துப்போகா. துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவை புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். வெற்றிலை பாக்குப் போடும் தாய்மார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாக, முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருமை கலந்த சளி, இமை தொங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல், காரணமில்லாமல் பல் ஆடுதல், அண்ணத்தில் கறுப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளை என்று வைக்காதீர்கள். அன்றே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

பெரியோர்களே, அன்று மாளிகை வேலையாட்கள் துரையிடம் கோயில் கேட்டார்கள். அவர்களுக்கு வேறு மருந்து இல்லை. இன்று நமக்குக் கோயிலும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இல்லாதது, கொஞ்சம் குனிந்து பார்க்கும் பொறுமைதான். அன்னதான நாளன்று வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்க இவ்வறவாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பங்காக, பல்செட்டு வைத்திருக்கும் பெரியவர்களின் வாயைப் பார்த்து, கிளினிக்குக்குப் போக வேண்டியவர்களை அனுப்பி வைக்க, கைவிளக்கோடு நான் வந்து அமர்கிறேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்காமலே பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பொக்கை வாயைத் திறந்து காட்டி, "பாரு பாப்பா, நல்லா பாத்துட்டுச் சொல்லு" என்றார். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.